பதினைந்தாவது மல்லாட்டை

சேகர்,

கவரின் மேல் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று நீ இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்திருப்பாய். தபால்காரர் கையெழுத்து உனக்குத் தெரியும். வாத்தியார் கையெழுத்தும் தெரியும். இது இரண்டும் இல்லை. ஒரு எழுத்து பூசணிக்காய் மாதிரியும் பக்கத்து எழுத்து மிளகு மாதிரியும் இருக்கிற இந்தக் கையெழுத்து உன் நைனாவுடையது. நீ நம்பாவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எதையும் நம்பாத குணம் உனக்கு வந்திருந்தால் அது என்னிடமிருந்துதான் வந்திருக்கும். உன் அம்மா அடுப்பு பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு வரி எழுதறதுக்குள்ள சோறு கொழஞ்சே பூட்ச்சி. வேலூருக்கு நடந்தே போயி சொல்லிட்டு வந்துருக்கலாம் நீ" என்கிறாள். சொல்லட்டும். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் விரலை வைத்துப் படித்துப் பார்க்கிறேன். நான் எழுதியதை நானே படிக்கிறேன். அறுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

உன் கடிதத்தையும் நானே படித்தேன். போன செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் வழக்கம்போல வாசற்படியில் உட்கார்ந்து பிரிக்கப் போனார். "குடுங்க, நானே பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. படித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூரில் உனக்குத் தட்டு மாற்றப் போகிறார்கள் என்றும், பெண்ணின் அப்பா தவறிவிட்டதால் அண்ணன் சம்பத்துதான் தட்டு வாங்க வேண்டும் என்றும், மாப்பிள்ளையின் அப்பா வந்து கொடுக்காமல் தட்டைத் தொட மாட்டேன் என்று சம்பத்து சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், "வருகிறேன் அல்லது வரவில்லை என்று ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்" என்று இருந்தது. அந்த வரியை நான்கு முறை படித்தேன். முதலில் எழுத்துக் கூட்டத் தெரியாததால். பிறகு அர்த்தம் தெரிந்ததால்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நீ சொன்னதில் தப்பில்லை. ஆவணியில் நீ இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது நான் சொன்னது எனக்கு மறக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் சம்பத்து தங்கச்சி வசந்தா என்று நீ சொல்லி வாய் மூடவில்லை. "அன்னிக்கி ஆட்டத்த வித்துட்டு இன்னிக்கி பொண்ண வாங்கறியாடா?" என்று கேட்டேன். உன் அம்மா இலையில் சோறு போட்டுவிட்டாள். நீ உட்காரவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். "அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கி இன்னா வயசு, பன்னண்டு இருக்குமா? பாவாட சட்ட போட்டுக்கினு திரிஞ்ச பொண்ணுக்காக உம் புள்ள ஆட்டத்த வித்தானா?" என்று உன் அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். அப்போதும் நான் விடவில்லை. "அவனுங்க முன்கூட்டியே யோசிக்கிறவனுங்க" என்றேன். எழுதிப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதத்தை நீ யாருக்குப் படித்துக் காட்டினாலும் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். நம் ஊர் அடி அண்ணாமலை வாலிபால் டீம் என்றால் எனக்குப் பைத்தியம். ஒருநாளும் நான் ஆடியதில்லை. ஆனால் கிரிவலப் பாதை ஓரத்து கிரவுண்டில் பந்துச் சத்தம் கேட்டால் ஏற்றத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவேன். ஏகாம்பரம் எம்பி அடிக்கும்போது என் காலும் தரையிலிருந்து எழும்பும். குள்ள தேசிங்கு பந்துக்காக மண்ணில் விழுந்தால் என் முட்டி எரியும். ஆனால் மற்றவர்கள் கை தட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். என்னால் அப்படி முடியாது. ஏகாம்பரம் தொடர்ந்து ஐந்து பந்தை அடித்துத் தரையில் இறக்கினால், எதிர் டீம்காரன் ஏன் நடுவில் அத்தனை இடம் விட்டு நிற்கிறான், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தோன்றும். ஜெயித்தால் அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகம். தோற்றால் நம் ஆட்களில் யாரோ விலை போய்விட்டார்கள் என்று சந்தேகம். ஆட்டம் தொடங்கும் முன் நெட்டின் உயரத்தை என் முழங்கையால் அளந்து பார்ப்பேன். பந்தை வாங்கி முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன தெரியும் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. "டேய், சி.ஐ.டி. வந்துட்டாரு, சட்டய சரி பண்ணிக்கோங்கடா" என்று பையன்கள் சிரிப்பார்கள். ஒருமுறை தேசிங்கு ஒற்றைக் கையால் எடுத்த ஒரு பந்தைப் பார்த்துவிட்டு, அவனிடம் போய், "அது எப்டிடா உனக்கு அங்கதான் வரும்னு முன்னாடியே தெரிஞ்சிது?" என்று நான் விசாரித்தேன். அவன் பாவம், புகழ்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

எனக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் வாயில் எண்ணிக்கை நிற்காது, அவ்வளவுதான். அதனால் மல்லாட்டை வைத்துக்கொள்வேன், பட்டணத்தில் வேர்க்கடலை என்கிறார்களே, அது. பதினைந்து பாயிண்ட் எடுத்தால் செட் நமக்கு. ஆகவே ஒரு செட்டுக்கு வறுத்த மல்லாட்டை பதினைந்து எண்ணி மடியில் கட்டிக்கொள்வேன். நமக்கு ஒரு பாயிண்ட் வந்தால் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொள்வேன். மடி காலியானால் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். ஸ்கோர் நோட்டு எழுதுகிறவன் என்ன எழுதுகிறான் என்று எனக்குப் படிக்கத் தெரியாது. மடி பொய் சொல்லாது என்று நினைத்தேன். நீ பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் நம் டீமின் ஸ்கோர் நோட்டு உன் கைக்கு வந்தது. அப்போதும் நான் மல்லாட்டையை விடவில்லை. பெற்ற பிள்ளை எழுதுகிறான் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

பொங்கலுக்குப் பொங்கல் நமக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடக்கும் ஆட்டத்துக்கு அந்த ஒரே நோட்டுதான். ஒரு வருஷம் அவர்கள் ஊரில், ஒரு வருஷம் நம் ஊரில். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோருக்குக் கீழே ஊருக்கு ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படி இரண்டு பேரும் வைத்தால்தான் அடுத்த பொங்கலுக்கு அடுத்த பக்கம் திறக்கலாம். நெட் வாங்கிக் கொடுத்தவன் என்பதால் நம் ஊர் சார்பில் நான்தான் கைநாட்டு வைப்பேன். என் வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே பதவி அதுதான்.

அந்தப் பொங்கலன்று ஆட்டம் நம் கிரவுண்டில். ஆளுக்கு ஒரு செட் ஜெயித்து மூன்றாவது செட் நடந்துகொண்டிருந்தது. சாயங்கால வெயில் மேற்கே பார்த்து ஆடுகிறவர்களின் கண்ணில் அடித்தது. நம் ஆட்கள் மேற்கே பார்த்துத்தான் நின்றார்கள், அதுவும் யாருடைய வேலை என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. எதிர் டீமில் ஆடிய சம்பத்து சர்வீஸ் போட வந்தான். போடும் முன் பந்தைத் தரையில் மூன்று முறை தட்டுவான். தட்டிவிட்டு உன் மேசைப் பக்கம் பார்ப்பான். நீ தலையை ஆட்டுவாய். முந்தின பாயிண்டை எழுதி முடித்துவிட்டேன் என்பதற்காக நீ ஆட்டினாய். ஏதோ சாடை காட்டுகிறாய் என்று நான் எண்ணிக்கொண்டேன். மூன்று தட்டு, ஒரு பார்வை, ஒரு தலையாட்டல்.

அப்போதுதான் தேசிங்கு அந்தப் பந்தை எடுத்தான். சம்பத்து போட்ட சர்வீஸை நம் ஆட்கள் திருப்பினார்கள். அவர்கள் அடித்த அடியில் பந்து ஏகாம்பரம் கையில் பட்டுத் தெறித்து, கிரவுண்டைத் தாண்டி, மாட்டு வண்டி நின்ற இடத்துக்குப் பறந்தது. ஊரே ஐயோ என்றது. தேசிங்கு ஓடினான். வண்டியின் நுகத்தடிக்கு அடியில் வயிறு தேய விழுந்து, புறங்கையால் பந்தைத் தட்டினான். பந்து எல்லோர் தலைக்கும் மேலே திரும்பி வந்து, நெட்டைத் தாண்டி, ஆள் இல்லாத மூலையில் பொத்தென்று விழுந்தது. கட்டியிருந்த மாடு மிரண்டு கத்தியது. எழுந்து நின்ற சனம் உட்கார வெகு நேரம் ஆனது. நான் கை தட்டினேனா, கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. வாய் முழுக்கக் கசந்தது மட்டும் தெரியும். சொத்தை மல்லாட்டை. துப்பினேன். பக்கத்திலிருந்த உன் சின்ன மாமன், "இன்னா மாமா, ஜெயிக்கிற நேரத்துல துப்பிக்கினு இருக்கீங்க" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். என் மடியில் இருந்த கடைசி மல்லாட்டையை நான் வாயில் போட்டதும், "ஜெயிச்சிட்டோம்! மடி காலி!" என்று கத்திக்கொண்டு கிரவுண்டுக்குள் ஓடி தேசிங்கைத் தூக்கினேன். வெளியூர் அம்பயர் விசிலை ஊதினார்.

"பெரியவரே, வெளிய போங்க. பதினாலுதான் ஆயிருக்குது."

"பதினஞ்சு! எம் மடியப் பாரு, ஒன்னாவது இருக்குதா பாரு!"

"மல்லாட்டய வெச்சி ஸ்கோர் எழுதறாங்கடோய் இந்த ஊர்ல!" என்று கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒருத்தன் கத்தினான். சிரிப்பு. நான் உன் மேசைக்கு வந்தேன். நீ எழுந்து நின்று மெதுவாகத்தான் சொன்னாய்.

"பதினாலு பன்னண்டு நைனா. தேசிங்கு எடுத்த பந்து சர்வீஸ் தான் நைனா, பாயிண்ட் இல்ல. நீ அதுக்கும் ஒன்னு..."

முடிக்க விட்டேனா? "எழுதத் தெரிஞ்சவன் எப்டி வேணா எழுதுவான்!" என்று இரண்டு ஊருக்கும் கேட்கும்படி கத்தினேன். உன் முகம் போன போக்கை அன்றைக்கு நான் குற்றவாளியின் முகம் என்று நினைத்தேன். அரைமணி நேரம் தகராறு. அது முடிந்து ஏகாம்பரம் சர்வீஸ் போட்டபோது அவன் கை ஆறிப்போயிருந்தது. பந்து நெட்டில் விழுந்தது. பிறகு சம்பத்து சர்வீஸ். மூன்று தட்டு, ஒரு பார்வை, ஒரு அடி. நான்கு பந்து. நான்கும் பாயிண்ட். பதினாறு பதினாலு. சம்பத்து நோட்டில் கையெழுத்து வைத்துவிட்டுப் பேனாவை மூடினான். நீ ஸ்டாம்பு பேடைத் திறந்து என் பக்கம் தள்ளினாய். நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அன்றிலிருந்து எட்டு வருஷம். பக்கத்தைத் திறக்காததால் இரண்டு ஊருக்கும் ஆட்டம் இல்லை. நீ கிரவுண்டு பக்கம் போவதை விட்டாய். வேலூரில் வேலை கிடைத்ததும் போனாய்.

அந்த நோட்டை யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். யாரிடம்? தபால்காரருக்கு மாமியார் வீடு கீழ்பென்னாத்தூர். வாத்தியார் உனக்குப் பாடம் சொன்னவர், உன் பக்கம்தான் பேசுவார். ஏகாம்பரத்துக்குப் படிக்கத் தெரியும், ஆனால் நெட்டில் அடித்தவன் அவன். எட்டு வருஷமாகப் பெட்டியில் சாட்சியை வைத்துக்கொண்டு அதைக் கேட்க ஆள் இல்லாமல் இருந்தேன். போன வருஷம் நம் ஊர் ஆரம்பப் பள்ளியில் முதியோர் கல்வி என்று தொடங்கினார்கள். ஸ்லேட்டும் புத்தகமும் சும்மாவே கொடுத்தார்கள். சும்மா கொடுக்கிறார்கள் என்றால் எதற்கு, ஓட்டுக்கா என்று நான்கு நாள் வெளியில் நின்று பார்த்தேன். ஐந்தாம் நாள் உள்ளே போய் உட்கார்ந்தேன். கல்வி வேண்டும் என்று போனவன் இல்லை நான். உன் தப்பைப் பிடிக்க வேண்டும் என்று போனேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பாடம் சொன்ன பெண் ஜெயந்தி பத்தாவது முடித்தவள். அவளையும் நான் சும்மா விடவில்லை. திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்த எழுத்தை வெள்ளிக்கிழமை தெரியாதவன் மாதிரி கேட்பேன், மாற்றிச் சொல்கிறாளா என்று. "தாத்தா, நீங்க எனக்குப் பரிச்ச வெக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். பிறகு ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ஒரு பஸ் வந்து நின்றது. அதன் நெற்றியில் இருந்ததை என் வாய் தானாகப் படித்தது. கீழ்பென்னாத்தூர். கண்டக்டரிடம், "இது எந்த ஊர் வண்டி?" என்று கேட்டேன். "கீழ்பென்னாத்தூர், ஏறு பெரியவரே" என்றார். நான் ஏறவில்லை. எனக்கு அங்கே வேலையும் இல்லை. ஆனால் இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. அதில் ஒருத்தன் நான். சிரித்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்து வந்தேன். வழியில் சோடா கடை, சவுக்கு மண்டி, சைக்கிள் கடை என்று எல்லா போர்டும் என்னைக் கூப்பிட்டுத் தன் பெயரைச் சொன்னது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படிக்க வந்த பிறகும் மூன்று மாதம் நான் பெட்டியைத் திறக்கவில்லை. "பென்சில்ல எழுதனது, அழிஞ்சி போயிருக்கும்" என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தொறந்து பாக்காமயே அழிஞ்சிட்ச்சின்னு தெரியுதா உனக்கு?" என்றாள் அவள். பயம்தான். நீ தப்பு செய்திருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம். நீ தப்பு செய்யாமல் இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். உன் கடிதம் வந்த மறுநாள் திறந்தேன்.

எழுத்து அழியவில்லை. நீ வெறும் எண் மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் நான்கு வார்த்தை எழுதியிருக்கிறாய். ஏகாம்பரம் இடது மூலை. சம்பத்து வெளியே அடித்தார். எதிர் டீம்காரனுக்கும் மரியாதை கொடுத்து 'அடித்தார்' என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்ததும் பழைய சந்தேகம் ஒருமுறை எட்டிப் பார்த்தது. பொய் சொல்வானேன். மூன்று நாள் விரலை வைத்துப் படித்து அந்தப் பந்துக்கு வந்தேன். "சம்பத்து சர்வீஸ். தேசிங்கு வண்டிக்கு அடியில் விழுந்து எடுத்தது. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. சர்வீஸ் நமக்கு. பாயிண்ட் இல்லை. 11–10." அவ்வளவுதான் எழுதியிருந்தது.

பந்தைப் போட்டுத் தொடங்குகிறவன் ஜெயித்தால்தான் பாயிண்ட். எதிராளி போட்ட பந்தில் நாம் ஜெயித்தால் அடுத்த சர்வீஸ் நமக்கு வரும், பாயிண்ட் வராது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுதத் தெரிந்தவன் அங்கே சம்பத்து பெயரை வேண்டுமென்றே போட்டிருக்கலாமே என்று நான் நினைத்தேன். ஆனால் எட்டு வருஷமாக டீக்கடையில் இந்தக் கதையை நான்தானே சொல்லி வருகிறேன்? எப்படிச் சொல்வேன்? "சம்பத்து மூணு தட்டு தட்டனான், எம் புள்ளயப் பாத்தான், சர்வீஸ் போட்டான், தேசிங்கு போயி விழுந்தான் பாரு, அப்பதான் எனக்கு ஒரு சொத்த மல்லாட்ட கசந்துது." சம்பத்து சர்வீஸ் போட்டான் என்று என் வாயே சொல்கிறது. அந்தப் பந்துக்கு நான் மல்லாட்டை தின்றேன் என்றும் அதே வாய் சொல்கிறது. பாயிண்ட் இல்லாத பந்துக்கு, பார்த்த சந்தோஷத்தில், கை தானாக மடிக்குப் போயிருக்கிறது. "நீ அதுக்கும் ஒன்னு தின்னுட்ட நைனா" என்று நீ அன்றைக்குச் சொல்ல வந்தாய். நான் முடிக்க விடாத வாக்கியத்தை எட்டு வருஷம் கழித்து நானே படித்து முடித்தேன்.

அப்போதும் என் குணம் விடவில்லை. தேசிங்கின் சைக்கிள் கடைக்குப் போனேன். அவன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான்.

"டேய், அன்னிக்கி வண்டிக்கு அடியில எடுத்தியே, அதுக்கு நமக்கு பாயிண்ட் உண்டா?"

அவன் நிமிரவில்லை. "சர்வீஸ் தான் பெரிப்பா. பாயிண்ட் ஏது?"

"உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்."

"அப்ப ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னா சொல்லியிருப்ப நீ? நானும் அவனுங்க ஆளுன்னு சொல்லியிருப்ப. பெத்த புள்ளயவே சொன்ன ஆளு." டியூபை எடுத்துத் துடைத்தான். "ஒன்னு சொல்லட்டா? பதினாலு பன்னண்டுல சர்வீஸ் நம்ம கையில. இன்னும் ஒரு பந்து பெரிப்பா. நீ உள்ள வராம இருந்திருந்தா ஏகாம்பரம் அடிச்சிருப்பான். ஆட்டத்த யாரும் விக்கல. நீதான் உள்ள பூந்து ஒடச்சிட்ட."

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். "ஆனா அந்தப் பந்து நல்லா எடுத்தல்ல நீ?" என்றேன். "எடுத்தேன்" என்றான் அவன். இரண்டு பேரும் சிரித்தோம். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் அவனிடம் அதை வெறும் பாராட்டாகச் சொன்னதில்லை.

சேகர், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். உன் பெண்டாட்டி உனக்கு ஒரு நல்லது செய்தால், ஏன் செய்தாள் என்று விசாரிக்காதே. சந்தோஷப்படு, சந்தோஷப்பட்டதை அவளிடம் சொல். நான் உன் அம்மாவின் குழம்பு ஒருநாள் அதிக ருசியாக இருந்தால், இன்றைக்கு என்ன காரியம் ஆக வேண்டும் இவளுக்கு என்றுதான் முதலில் நினைப்பேன். முப்பது வருஷம் அப்படித் தின்றிருக்கிறேன். நேற்று அவளிடம், "கொழம்பு நல்லா இருக்குது" என்றேன். "ஏன், ஒடம்பு சரியில்லயா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளையும் நான்தான் அப்படி ஆக்கி வைத்திருக்கிறேன். அப்புறம், யாராவது ஒன்றைச் சொல்ல வந்தால் முடிக்க விடு. கோபம் எங்கேயும் போய்விடாது, வாக்கியம் முடிந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். சம்பத்து அன்றைக்குப் போட்ட நான்கு சர்வீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று கோட்டின் மேலேயே விழுந்தது. நான் பார்த்த ஆட்டங்களில் அந்த மாதிரி நான்கு பந்து யாரும் போட்டதில்லை. அப்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் அத்தனை கோபம்.

நீ கேட்டதற்குப் பதில் வருகிறேன் என்பதுதான். கார்டில் எழுதினால் போதும் என்றாய், ஆறு நாளாக எழுதுகிறேன், மன்னித்துவிடு. கார்டில் எழுதுகிற அளவுக்கு நான் செய்தது சின்னது இல்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நானும் உன் அம்மாவும் வருவோம். எந்த வண்டி என்று யாரையும் கேட்க மாட்டேன். தட்டை நான் என் கையால் சம்பத்திடம் கொடுப்பேன். அதற்கு முன் எல்லோர் எதிரிலும் உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். நான் கத்தியது இரண்டு ஊருக்கும் கேட்டது, ஆகவே இதுவும் இரண்டு ஊருக்கும் கேட்க வேண்டும். நீ வேண்டாம் என்று தடுக்காதே. என்னையும் ஒரு வாக்கியம் முடிக்க விடு.

நோட்டையும் கொண்டு வருகிறேன். இன்று காலை, உன் அம்மா பக்கத்தில் நிற்க, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அடி அண்ணாமலை சார்பாக என்று நீ எழுதிக் கோடு போட்டு வைத்திருந்த இடம் எட்டு வருஷமாகக் காலியாக இருந்தது. அங்கே என் பெயரை எழுதினேன். கோடு பற்றவில்லை, கடைசி இரண்டு எழுத்து கீழ்வரிக்குப் போய்விட்டது. "இன்னாய்யா எழுதன?" என்றாள். படித்துக் காட்டினேன். "அந்தப் பேரா? நான் வேற ஏதோன்னு நெனச்சேன்" என்றாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது. வருகிற பொங்கல் ஆட்டம் கீழ்பென்னாத்தூர் முறை. ஏகாம்பரத்துக்கு முதுகு வலி, தேசிங்குக்குத் தொப்பை, இருந்தாலும் ஆடுவோம் என்கிறார்கள். பழைய இடத்தில், பழைய மேசையில், நீதான் எழுத வேண்டும். நான் மல்லாட்டை எடுத்துவர மாட்டேன். மலையடியில் பதினைந்து கூழாங்கல் பொறுக்கி வைத்திருக்கிறேன், அதைத் தின்ன முடியாது. ஆனால் அதுகூட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் உன் தோளுக்குப் பின்னால் நின்று நீ எழுதியதைப் படிப்பேன். சரி பார்ப்பதற்கு இல்லை. பந்துக்குப் பக்கத்தில் நீ எழுதும் அந்த நான்கு வார்த்தைக்காக.

நெட்டை மட்டும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுவேன். கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் கட்டுகிற நெட் அது. உன் மச்சானிடம் இப்போதே சொல்லி வை.

உன் நைனா,
என் கையாலேயே எழுதியது.